ஊருக்குப் போயிருக்கா

பாவு தெருவில் நீட்டியிருக்கும்போது அதைத் தாண்ட எவனுக்கும் அதிகாரம் கிடையாது. கலெக்டரே வந்தாலும் தெருக்கோடி வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் எதிர்சாரிக்கு வரவேண்டும். புடவைக்கு நெடுக ஓடும் பட்டிழை மொத்தமும் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக விறைத்து நிற்கும். கஞ்சி தெளித்து, இழை இழையாக நீவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்தாக வேண்டும். ஒரு கால் பட்டால் போதும், புடவை போயிற்று. ஆகவே அந்தப் பங்குனி மாதத்துக் காலையில் ஏட்டு பலராமன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பாவுக்கு அந்தப் பக்கம் தவித்தபோது ஒருத்தரும் இரக்கப்படவில்லை.

"இங்க தெய்வநாயகின்றது யாரும்மா?"

"நான்தாங்க" என்றாள் தெய்வநாயகி. கையில் கஞ்சி நீவுகிற நார்க் குச்சம். முழங்கை வரை பசை. "சுத்தினு வாங்க. பாவத் தாண்டிடாதீங்க."

ஏட்டுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நீங்க இங்கதான் கீறீங்களா?" என்றார்.

இது என்ன கேள்வி! இங்கே இல்லாமல் எங்கே இருப்பாள்? தெய்வநாயகி கொழும்பில் பிறந்தவள்தான். அவளுடைய அப்பா ஆரணிக்காரர். சின்ன வயசில் கப்பலேறி, புறக்கோட்டையில் ஒரு பட்டுக்கடையில் கணக்கெழுதி, அந்த நாட்டுக் குடிமகனாகவே எழுதிக்கொண்டார். மகளை மட்டும் சொந்தத்தில் கொடுக்க வேண்டும் என்று, சிலோன் பாஸ்போர்ட்டோடு ஆரணிக்கு அனுப்பித் தாய்மாமன் மகன் லோகநாதனுக்குக் கட்டிவைத்தார். கட்டிவந்த நாளிலிருந்து அவளுக்குத் தெருவில் பெயர் கொழும்பம்மா. வருஷா வருஷம் வேலூர் போலீஸ் ஆபீசில் 'இன்னும் ஒரு வருஷம் இருந்துகொள்' என்று முத்திரை வாங்கிவர வேண்டும். மகள் உண்ணாமலை பள்ளிக்கூடம் போகிற வயசாகியும் தாய்க்காரி அந்நிய நாட்டுக்காரியாகவே இருந்தாள். போன வருஷம்தான், எழுபத்தெட்டில், இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தாள்.

பலராமன் சுற்றிக்கொண்டு வந்து காகிதத்தை நீட்டினார். இங்கிலீஷ். லோகநாதன் பாவின் தலைமாட்டில் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்ததால் நகர முடியவில்லை. "நீங்களே படிச்சிச் சொல்லுங்க" என்று அங்கிருந்தே கத்தினான்.

ஏட்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீங்க நாட்ட வுட்டுப் போய்ட்டதால உங்க மனுவ மூடிட்டாங்களாம். நாட்ட வுட்டுப் போனதால தங்குற பர்மிட்டும் ரத்து. அதுக்கு மேலயும் இங்கயே இருந்தா, பர்மிட் இல்லாம இருக்கறதா அர்த்தம். அதனால ஒரு மாசத்துல நாட்ட வுட்டுப் போவணும்னு போட்டிருக்கு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"யாரு? நானா போய்ட்டேன்?"

"காயிதம் அப்பிடித்தான் சொல்லுது."

நாட்டை விட்டுப் போனவள் கையிலேயே, அவள் போய்விட்டதாகச் சொல்லும் காகிதத்தைக் கொடுத்து, வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்தும் கேட்கிறார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது! தெருவில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தெய்வநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. கொழும்பில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அப்பா செத்துப்போனார். அம்மா அதற்கும் முன்னாடியே. அப்பா வேலை பார்த்த கடைகூடக் கைமாறிவிட்டது என்று கடைசியாக வந்தவர் யாரோ சொன்னார். அந்தத் துறைமுகத்தில் இறங்கி யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்?

"யாரு சொன்னது நான் போய்ட்டேன்னு?" என்றாள்.

பலராமன் நெளிந்தார். "கார்த்திகையில நான்தாம்மா விசாரணைக்கி வந்தேன். உங்க வூடு பூட்டியிருந்திச்சி. பக்கத்து வூட்டம்மாதான் சொன்னாங்க. எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன்."

பக்கத்து வீட்டம்மா வேறெங்கும் இல்லை. பாவுக்கு நேர் எதிரே, அவளும் ஒரு கஞ்சிக் குச்சத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அபிதகுசாம்பாள். புருஷன் போனபிறகு தானே தறியில் இறங்கிப் புடவை நெய்து பிள்ளைகளைக் கரையேற்றியவள். ஐப்பசியில் அவளுடைய ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து தெய்வநாயகியின் பாவைக் கடித்து வைத்த நாளிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் பேச்சு இல்லாவிட்டாலும் பாவுக்கு வந்தாக வேண்டும். அது தெரு வழக்கம். கொலைச் சண்டை போட்டவன்கூட விடிகாலையில் எதிராளியின் பாவுக்குக் கஞ்சி நீவிவிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

"அபிதக்கா" என்றாள் தெய்வநாயகி. ஐப்பசிக்குப் பிறகு முதல் வார்த்தை. "ஒரு ஆட்டுக்காகவா என்ன நாட்ட வுட்டே தொரத்தின?"

"அடிப் பாவி! நான் இன்னாடி பண்ணேன்?"

"போலீசுகிட்ட நான் போய்ட்டேன்னு சொல்லியிருக்கியே."

"நான் எங்கடி நாட்ட வுட்டுன்னேன்? எங்கன்னு கேட்டாரு. ஊருக்குப் போயிருக்கான்னேன். போனியா இல்லியா? உன் நாத்தனா காத்தாயிக்குப் புள்ள பொறக்குதுன்னு தேசூருக்குப் போயிக் குந்திகினு இருந்தியே, அப்ப வந்தாரு இந்த மனுசன். உன் வூட்டுக்காரன் சொசைட்டியில புடவ போடப் போயிட்டான். வேற இன்னா சொல்றது? ஊருக்குப் போனவள ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லாம, வானத்துக்குப் போயிருக்கான்னா சொல்லுவாங்க?"

தெருவே கை ஓயாமல் காது கொடுத்தது. கஞ்சி ஈரமாக இருக்கும்போது யாரும் நிறுத்த முடியாது. பேசிக்கொண்டே நீவினார்கள், நீவிக்கொண்டே பேசினார்கள்.

தெய்வநாயகி ஏட்டைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க இன்னாங்க எழுதினீங்க?"

"அவங்க சொன்னதத்தான் எழுதினேன். தன் ஊருக்குப் போய்விட்டார்னு."

"அவங்க 'தன்'னாங்களா? 'போயிருக்கா'ன்னா வருவான்னு அர்த்தம். 'போய்விட்டார்'னா?"

பலராமன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "எழுத்துல எழுதறப்ப அப்பிடி வந்துடிச்சிம்மா. அத வேலூர்ல இங்கிலீஷ்ல மாத்தினாங்க. உங்க பாஸ்போர்ட்டுல சொந்த ஊரு கொழும்புன்னு கீது. அப்ப தன் ஊருன்னா கொழும்புதானேன்னு மேல எழுதிட்டாங்க."

அபிதகுசாம்பாளின் குச்சம் அப்படியே நின்றது. ஒரு வார்த்தை. ஒருநாளில் பத்துத் தடவை வாயில் வருகிற வார்த்தை. ஆரணியிலேயே பிறந்து ஆரணியிலேயே கிடக்கிறவன்கூட மாமியார் வீட்டுக்கு மஞ்சப்பையைத் தூக்கினால் 'ஊருக்குப் போறேன்' என்பான். தேசூரும் ஊர்தான். வெம்பாக்கமும் ஊர்தான். கொழும்பும் ஊர்தான் என்பது அந்த நிமிஷம் வரைக்கும் அவள் புத்தியில் ஏறவேயில்லை.

"ஐயோ, என் வாயில மண்ண அள்ளிப் போட" என்றாள். கண் கலங்கிவிட்டது. "ஏம்பா, இப்ப சொல்றேன் எழுதிக்கோ. தேசூரு. தேசூரு. தேசூரு."

"இப்ப நான் எழுத முடியாதும்மா. வேலூர்லதான் போய்ச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ஏட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

அன்று மத்தியானம் லோகநாதன் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். தறிச் சத்தம் இல்லாத வீடு எழவு வீடு மாதிரி இருந்தது.

"நானும் கொழும்புக்கு வந்துடறேன்" என்றான் கடைசியில்.

"தறிய இன்னா பண்ணுவே மாமா, தோள்ல தூக்கினு வருவியா?"

"அதுக்கின்னா பண்றது? சர்க்காருகிட்ட நாம எதுத்து நிக்க முடியுமா?"

"எதுக்கல. நான் இங்கதான் கீறேன்னு சொல்லப் போறேன், அவ்ளோதான். அவங்க காயிதம்தான் எங்கியோ போயிடிச்சி, நான் போவல." கேழ்வரகுக் களியை உருட்டி அவன் தட்டில் வைத்தாள். "துண்ணு. துண்ணுட்டு நெய்யி. நாளைக்கி நான் வேலூருக்குப் போறேன். அபிதக்கா வந்தா சரி. வரலன்னாலும் போறேன்."

மறுநாள் விடியும்போது அபிதகுசாம்பாள் வாசலில் நின்றாள். தீபாவளிக்கு எடுத்த புடவை. கையில் தூக்கு. போலீஸ் என்றால் எதிர்சாரிக்குப் போய்விடுகிற பொம்பளை அவள். கண்ணமங்கலம் தாண்டியதும் பஸ்ஸில் கேட்டாள்: "ஏண்டி, என்ன உள்ள வச்சிடுவாங்களா?"

"எதுக்குக்கா?"

"பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு."

"நீ பொய் சொல்லலியே."

"சொல்லலதான். ஆனா ஆட்டுக் கோவம் மனசுல இருந்திச்சிடி. இல்லாட்டி எந்த ஊரு, எப்ப வருவா, எல்லாத்தியும் ஒப்பிச்சிருப்பேன். வாயி நீளம் எனக்கு, உனக்குத் தெரியாதா? அன்னிக்கின்னு பாத்து ஒத்த வார்த்தையோட நிறுத்திகினேன்." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "இந்தா, அட கீது. துண்ணு."

முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. ரெண்டு பேரும் ஒரே இலையில் பிட்டுத் தின்றார்கள். ஆட்டுச் சண்டை அத்தோடு முடிந்தது.

வேலூர் ஆபீசில் வெளிநாட்டார் பிரிவு கடைசி அறை. சூப்பரின்டென்ட் ரங்கசாமி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு காகிதக் கட்டைப் புரட்டினார். கெட்டவர் இல்லை. குரலில் சலிப்புதான் அதிகம்.

"இங்க நீங்க இந்தியாவுல இல்ல" என்றார்.

"எதுருல நிக்கிறேனே சார்."

"அது சரிம்மா. ரெக்கார்டுல இல்ல."

"பாஸ்போர்ட்டப் பாருங்க. போனதுக்கு முத்திர இருக்குதா? வந்ததுக்கு இருக்குதா? இல்லாம எப்பிடிப் போயிருப்பேன்?"

"தோணியில போய்ட்டு வந்தா முத்திர எப்பிடி விழும்? எத்தினி பேரு அப்பிடிப் போறான் வரான்!"

தெய்வநாயகிக்கு முகம் சிவந்துவிட்டது. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "சார், அங்க நான் இஸ்கூலு படிக்கறப்ப பின்னாடியே வந்து கள்ளத்தோணி, கள்ளத்தோணின்னு கத்துவானுங்க. எங்கப்பா கப்பல்ல போனவரு. அந்த நாட்டுக் காயிதம்கூட வச்சிருந்தாரு. அப்பவும் அந்தப் பேருதான். அங்கேர்ந்து வந்து, ஆரணியில குடும்பம் பண்ணி, புள்ளையும் பெத்து, இத்தினி வருசம் ஆவுது. இங்கியும் என்ன அதே தோணியிலதான் ஏத்துவீங்களா? அப்ப நான் எங்கதான் சார் எறங்கறது?"

ரங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதுவரை சுவரோடு ஒட்டியிருந்த அபிதகுசாம்பாள் முன்னால் வந்தாள். "சார், ஊருக்குப் போயிருக்கான்னு சொன்ன பாவி நான்தான். தேசூருக்குப் போனா சார். நாத்தனா புள்ளத்தாச்சி. பத்தியக் கொழம்பு வைக்க ஆளில்ல. போயி, புள்ளயக் குளிப்பாட்டி, மருந்து இடிச்சிக் குடுத்துட்டுத் திரும்பி வந்துட்டா."

"எந்த ஊருன்னு அப்பவே சொல்றதுக்கின்னா?"

"அவரு கேக்கலியே சார்."

"தன் ஊருன்னு எழுதியிருக்கே."

"அவரு எழுதினது அது. எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், படிக்கத் தெரியாது."

"எழுதினத நான் மாத்த முடியாதும்மா. எழுதினது எழுதினதுதான்."

அப்போது ஆபீஸ் பியூன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கையில் லீவு கடுதாசி. "சார், ஊருக்குப் போவணும். ஜல்தியா ஒரு கையெழுத்து போட்டுடுங்க, பஸ்ஸு போயிடும்."

"திங்கக்கெழம வந்துடணும்" என்றார் ரங்கசாமி. கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப்போனவர் அப்படியே நிறுத்திவிட்டார். பியூன் போய்விட்டான். அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அபிதகுசாம்பாள் வாயைத் திறந்தாள். தெய்வநாயகி அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். வாய் மூடிக்கொண்டது.

"அந்தப் பயலுக்கு எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது" என்றார் ரங்கசாமி, தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி. பிறகு நிமிர்ந்தார். "இந்தம்மா வாக்குமூலத்த முழுசா சொல்லட்டும், எழுதிக்கறேன். படிச்சிக் காட்டிட்டுக் கையெழுத்து வாங்கறேன். நோட்டீச நிறுத்தி வைக்கச் சொல்றேன். மறு விசாரணைக்கி ஆளு வரும். என்னிக்கின்னு சொல்லமாட்டாங்க. அன்னிக்கி நீங்க அங்க இருக்கணும். மறுபடியும் வூடு பூட்டியிருந்தா, அப்பறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"இருப்பேன் சார்" என்றாள் தெய்வநாயகி.

இருந்தாள். இருப்பது என்றால் எப்படி! சித்திரையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். புருஷனையும் மகளையும் அனுப்பிவிட்டுத் தான் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேசூரில் காத்தாயி குழந்தைக்குக் காதுகுத்து வைத்தாள், போகவில்லை. காத்தாயிக்கு வந்ததே கோபம்! குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து, "பிரசவம் பாத்தவ காதுகுத்துக்கு வரமாட்டியா அண்ணி?" என்று வாசலில் நின்று சண்டை போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டு, கூடவே உட்கார்ந்து ஒரு பாடு அழுதாள். ஆடி வெள்ளிக்குப் படவேட்டு அம்மனுக்குப் பொங்கல் வைக்காத வருஷம் கிடையாது. அந்த வருஷம் தெருவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு எல்லாரும் போனார்கள். தெய்வநாயகி வாசலில் நின்று அம்மன் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உள்ளே வந்து தறியில் உட்கார்ந்தாள். "அவளுக்குத் தெரியும் நான் எங்க கீறேன்னு" என்றாள். "போலீசுக்குத்தான் தெரியல."

தெரு மொத்தமும் நாக்கை அடக்கிக்கொண்டது. 'ஊருக்கு' என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காஞ்சிபுரம் போனவன் காஞ்சிபுரம் என்றான். செய்யாறு போனவன் செய்யாறு, சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்துடுவேன் என்று முழு முகவரியும் சொல்லிவிட்டுப் போனான். யாராவது வாய் தவறி ஆரம்பித்தால் அபிதகுசாம்பாள் பாய்ந்தாள்.

ஆவணியில் ஒருநாள், நல்ல மழை விட்ட பொழுது, பலராமன் வந்தார். தெய்வநாயகியின் வீடு பூட்டியிருந்தது. வேறொன்றுமில்லை, லோகநாதன் சொசைட்டிக்குப் போயிருந்த நேரம், மழையில் மாட்டிக்கொள்ளுமே என்று மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருந்தாள். மூன்றாம் சந்தில்தான் பள்ளிக்கூடம். ஏட்டு பூட்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஏய்யா, பேனாவ உள்ள வையி!"

அபிதகுசாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் ஓடிவந்தாள். சைக்கிள் பூட்டைச் சடக்கென்று அமுக்கி, சாவியைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, பேஜாரு பண்றே? சாவியக் குடு. அவங்க எங்க?"

"சொல்லமாட்டேன். நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன். நீ ஒரு எழுத்து எழுதக்கூடாது. இங்கியே நில்லு. நவுந்தே, அவ்ளோதான்!"

தெருமுனையில் திரும்பிய தெய்வநாயகி பார்த்தது இதைத்தான்: நடுத்தெருவில் ஏட்டு மூடின பேனாவோடு சிலை மாதிரி நிற்கிறார், அபிதகுசாம்பாள் ரெண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, "ஓடியாடி! ஓடியா! ஆளப் புடிச்சி வச்சிகினு கீறேன்!" என்று கத்துகிறாள். உண்ணாமலையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள். முழங்கால் சேறோடு ஏட்டுக்கு முன்னால் வந்து மூச்சிரைக்க நின்றாள்.

"கீறேன் சார்" என்றாள். "இங்கதான் கீறேன்."

பலராமன் எழுதினார். எழுதி முடித்ததை உரக்கப் படித்துக் காட்டினார். 'மனுதாரரை ஆரணியில் அவரது வீட்டு வாசலில் நேரில் கண்டேன்.' அபிதகுசாம்பாள் அதை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள்.

அதற்கப்புறமும் சும்மா ஆகிவிடவில்லை. வேலூருக்கும் ஆரணிக்குமாகத் தெய்வநாயகி நடையாய் நடந்தாள். இந்த மேஜை அந்த மேஜைக்கு அனுப்பியது, அந்த மேஜை மெட்ராசுக்கு அனுப்பியது. லோகநாதன் ஒருமுறைகூட 'விட்டுவிடு' என்று சொல்லவில்லை. அவள் கிளம்புகிற அன்றைக்கு அவனே சோறு வடித்தான். அடுத்த வருஷம் தை கடைசியில் கலெக்டர் ஆபீசில் கையைத் தூக்கிக் குடியுரிமை உறுதிமொழி சொன்னாள். ஒரு அதிகாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு எழுத்து குறையாமல் முடித்தாள். வெளியே வந்து, வாசல் படியில் உட்கார்ந்து, லோகநாதன் தோளில் சாய்ந்துகொண்டு போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதாள். எத்தனையோ நாளாக அடக்கி வைத்தது.

மறுவாரம் காத்தாயி வீட்டுக்குக் கிளம்பினாள். புருஷனும் மகளும் முன்னாடியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயாகிவிட்டது. குழந்தைக்கு ஒரு பட்டுப் பாவாடைத் துண்டு, ஒரு பொட்டலம் வேர்க்கடலை உருண்டை, மாற்றுப் புடவை. எல்லாம் மஞ்சப்பையில். கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள்.

"யார்னா கேட்டா சொல்லுக்கா."

"சொல்றேன். தேசூரு, நாத்தனா வூடு, நாளன்னிக்கி..."

"அப்பிடி வேணாம். ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லு."

அபிதகுசாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்ய! அந்த வார்த்த என் வாயில வராதுடி. உன்ன கப்பலேத்தப் பாத்த வார்த்த."

"இனிமே ஏத்தாது. தைரியமா சொல்லு."

தெய்வநாயகி நடந்தாள். தெருவில் யாரோ பாவு நீட்டியிருந்தார்கள். கோடி வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பினாள். பின்னால் கீரைக்காரி குரல் கேட்டது.

"கொழும்பம்மா இல்லியா? வூடு பூட்டிக் கீதே?"

தெய்வநாயகி நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் வந்தது அபிதகுசாம்பாளின் குரல், வேலூருக்கே கேட்கிற மாதிரி:

"ஊருக்குப் போயிருக்கா!"

தெய்வநாயகி பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.